சங்கப் பிரதிநிதிகளுக்கான பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சங்கத்தில் பணியிடப் பிரதிநிதிகளாகப் பொறுப்பேற்பவர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அதற்கு முன் நானே ஒரு பிரிவின் பிரதிநிதியாக இருந்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் பையைத் தூக்கும் நேரத்தில்தான் நல்ல கேள்விகள் வரும். அப்படி வந்தவற்றையும், பயிற்சி நடத்த நினைக்கும் நிர்வாகிகள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைச் சங்கத்தின் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதிநிதியின் வேலை மட்டும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சங்கப் பிரதிநிதி என்பவர் யார்? நிர்வாகியும் அவரும் ஒன்றா?

கூட வேலை செய்கிறவர்கள் தேர்ந்தெடுத்து, அவர்களோடு அதே ஷிப்டில் வேலை பார்த்துக்கொண்டே அவர்களுக்குத் துணை நிற்பவர்தான் பிரதிநிதி. தலைவர், செயலாளர் போன்ற நிர்வாகிகளுக்கு ஒப்பந்தப் பேச்சுவார்த்தை, வழக்கு, கணக்கு என்று சங்கம் முழுவதையும் பார்க்கிற வேலை. பிரதிநிதிக்குத் தன் பிரிவில் இருக்கும் ஆட்கள்தான் உலகம். யாருக்கு முதுகுவலி, யாருக்கு இரண்டு மாதமாக ஓவர்டைம் வரவில்லை, புதிதாகச் சேர்ந்தவருக்கு யார் வேலை சொல்லிக் கொடுத்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெமோ கைக்கு வந்த நிமிடத்தில் ஒரு தொழிலாளியின் கண் முதலில் தேடுவது பக்கத்து மெஷினில் நிற்கும் பிரதிநிதியைத்தான். அந்த நேரத்தில் அவருக்குச் சங்கம் என்றாலே நீங்கள் ஒருவர்தான்.

நன்றாகப் பேசத் தெரிந்தால் போதாதா? இதற்குப் போய் எதற்குப் பயிற்சி?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பொறுப்பேற்ற முதல் வருடம். ராத்திரி ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு தோழர் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். வியர்வையில் மடிப்பெல்லாம் நைந்து, நடுவில் ஒரு வரியே கிழிந்திருந்தது. குற்றச்சாட்டு அறிவிப்பு அது. வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போனார், கேட்ட சூப்பர்வைசரிடம் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்று எழுதியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "விடுங்க தோழர், நாளைக்கே போய்க் கேட்டுடுவோம்" என்றேன்.

மறுநாள் மேலாளர் அறையில் கால் மணி நேரம் ஆவேசமாகப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு காகிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார். ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், தராவிட்டால் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். அன்று எட்டாவது நாள். தோழர் காகிதத்தை என் கையில் கொடுத்த நாள் ஏழாவது நாள். நான் கடைசி வரைக்கும் படிக்கவே இல்லை. அன்று மாலைக்குள் நாலு வரி எழுதி, விளக்கம் தர அவகாசம் வேண்டும் என்று கேட்டிருந்தாலே போதும்.

அதைவிட என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு ஒன்று. ஏன் இடத்தை விட்டுப் போனீர்கள் என்று நான் அவரைக் கேட்கவே இல்லை. மாத்திரை எடுக்க லாக்கருக்குப் போயிருக்கிறார். ஷிப்ட் தொடக்கத்திலேயே வேறொரு சூப்பர்வைசரிடம் சொல்லியும் வைத்திருக்கிறார். இவை எதுவும் பதிவாகாமலே அவருக்கு இரண்டு வாரச் சம்பளம் போனது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பேசத் தெரிந்த என்னால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

அதனால்தான் என் பயிற்சி வகுப்பில் முதல் அரை மணி நேரம் யாரையும் பேச விடுவதில்லை. ஆளுக்கு ஒரு மாதிரிக் குற்றச்சாட்டு அறிவிப்பு கொடுத்து, அதில் இருக்கும் தேதிகளையெல்லாம் வட்டமிடச் சொல்வேன்.

பயிற்சியில் என்னென்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பெரும்பாலான சங்கங்கள் முதல் நாள் காலையிலேயே சட்ட வகுப்பை வைத்துவிடுகின்றன. வழக்கறிஞர் வந்து மூன்று மணி நேரம் பிரிவு பிரிவாகச் சொல்வார். மதியம் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். சட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிரச்சினையைக் கையில் எடுத்துப் பார்க்கும் முன் சட்டம் மண்டையில் ஏறாது, அவ்வளவுதான்.

நான் வைக்கும் வரிசை இது: முதலில் கேட்கக் கற்பது, அடுத்து எழுதக் கற்பது, அப்புறம் ஒப்பந்தத்தையும் பணி விதிகளையும் புரட்டித் தேவையான பக்கத்தைக் கண்டுபிடிப்பது, கடைசியாக விசாரணை அறையில் உட்காருவது. சட்டம் இந்த நான்கின் நடுவே தேவைப்படும் இடத்தில் வரும். ஒப்பந்தத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விடுப்பு எந்தப் பக்கம், ஷிப்ட் மாற்றம் எந்தப் பக்கம் என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். அதையே ஒரு போட்டியாக வைத்தால் வகுப்பு களைகட்டும்.

கேட்பதற்குக்கூடப் பயிற்சியா? எப்படி?

மூன்று நாற்காலிப் பயிற்சி என்று நாங்கள் சொல்வோம். ஒருவர் தொழிலாளியாக உட்காருவார், ஒருவர் பிரதிநிதி, மூன்றாமவர் பார்வையாளர். தொழிலாளியிடம் ஒரு அட்டை இருக்கும். முன்பக்கம், "மூன்று நாள் தாமதமாக வந்தேன் என்று சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்." பின்பக்கம், "அம்மாவுக்குச் சிகிச்சை நடக்கிறது. ஷிப்ட் மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை." பின்பக்கத்தில் இருப்பதைத் தானாகச் சொல்லக் கூடாது. "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று பிரதிநிதி கேட்டு, பேசாமல் காத்திருந்தால் மட்டும்தான் சொல்ல வேண்டும். பார்வையாளருக்கு ஒரே வேலை: பிரதிநிதி எத்தனையாவது நொடியில் குறுக்கே பேசினார் என்று குறித்துக்கொள்வது.

ஒருமுறை இருபது வருடச் சங்க அனுபவம் உள்ள ஒருவர் பிரதிநிதியாக உட்கார்ந்தார். பதினொன்றாவது நொடியில், "புரிஞ்சுது, புரிஞ்சுது, நான் பார்த்துக்கறேன்" என்றார். அட்டை கடைசிவரை திரும்பவே இல்லை. பார்வையாளராக இருந்த இளம்பெண் 11 என்று எழுதிய தாளைப் பேசாமல் அவர் பக்கம் தள்ளி வைத்தார். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னொரு தடவை உட்காரலாமா?" என்று கேட்டார். இரண்டாவது தடவை அட்டை திரும்பியது.

எல்லாப் புலம்பலையும் முறையீடாக எழுத வேண்டுமா?

வேண்டாம். ஒப்பந்தம், பணி விதி, சட்டம், அல்லது அந்த இடத்தில் நெடுநாளாக இருந்துவரும் நடைமுறை, இவற்றில் ஏதாவது ஒன்று மீறப்பட்டிருந்தால் அது முறையீடு. ஒரே விதியை ஆளுக்கொரு மாதிரி நடைமுறைப்படுத்தினாலும் முறையீடுதான். சூப்பர்வைசர் சிரிக்க மாட்டேன் என்கிறார் என்பது முறையீடு ஆகாது. ஆனால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஐந்து பேர் அதே சூப்பர்வைசரைப் பற்றித் தனித்தனியாக வந்து சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. அதை ஐந்து மனக்குறையாக விடாமல் ஒரு கூட்டுக் கோரிக்கையாக மாற்றுவதுதான் திறமை.

முறையீடு செய்தால் பழிவாங்குவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் முறையீடுகளை ஆராய்வது பற்றி 130-ஆம் எண் பரிந்துரையை நிறைவேற்றியது. முறையிட்ட காரணத்துக்காகத் தொழிலாளிக்கு எந்தப் பாதிப்பும் வரக் கூடாது, விசாரணையில் அவர் சங்கப் பிரதிநிதியின் உதவியோடு கலந்துகொள்ளலாம் என்று அது சொல்கிறது. பரிந்துரை என்பதால் எந்த அரசையும் அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. இருந்தாலும் நிர்வாகத்திடம் பேசும்போது காட்டுவதற்கு அது நல்ல துணை.

குறிப்பெடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

பாதி வழக்கு அதில்தான் இருக்கிறது. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், யார் பார்த்தார்கள், தொழிலாளி என்ன தீர்வு கேட்கிறார். இந்த ஏழையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நாம் வேலை நீக்கத்தை எதிர்த்துப் பெரிதாகப் போராடத் தயாராகிக்கொண்டிருப்போம். அவருக்கு வேண்டியது வேறு பிரிவுக்கு மாற்றல் மட்டுமாக இருக்கும்.

அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "சூப்பர்வைசர் திட்டினார்" என்பதற்கும், "இஷ்டம்னா இரு, இல்லைன்னா கிளம்புன்னு சொன்னார்" என்பதற்கும் விசாரணையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தேதியும் நேரமும் போட்டு அன்றைக்கே எழுதிய குறிப்புக்கு ஒரு மதிப்பு உண்டு. மூன்று வாரம் கழித்து ஞாபகத்தில் எழுதியதற்கு அது கிடையாது. கொடுக்கும் கடிதம் எதுவானாலும் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். பழகிய மனிதர்தானே, கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த தடவை அவரே பேனாவை எடுப்பார்.

தண்டனை நியாயமா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது?

இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. தொழில் தகராறுகளில் தீர்ப்புச் சொல்லும் அமெரிக்க நடுவர் கரோல் டாகர்ட்டி 1966-இல் ஒரு தீர்ப்பில் ஏழு கேள்விகளை அடுக்கினார். பல சங்கங்கள் இன்றும் அதை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கின்றன. இப்படிச் செய்தால் இன்ன தண்டனை வரும் என்று தொழிலாளிக்கு முன்பே தெரிந்திருந்ததா? அந்த விதி வேலை ஒழுங்காகவும் பாதுகாப்பாகவும் நடப்பதற்குத் தேவையான விதிதானா? தண்டனை கொடுக்கும் முன் உண்மையில் தப்பு நடந்ததா என்று விசாரித்தார்களா? அந்த விசாரணை நடுநிலையாக இருந்ததா? போதிய ஆதாரம் உண்டா? இதே தப்பைச் செய்த மற்றவர்களுக்கும் இதே தண்டனைதானா? தப்பின் அளவுக்கும் அவருடைய பழைய பதிவுக்கும் தண்டனை பொருந்துகிறதா?

இந்த ஏழும் உங்கள் நாட்டுச் சட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கேட்டுப் பாருங்கள். அதிகமாகப் பலன் தருவது ஆறாவது கேள்வி. அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டுமென்றால், பழைய வழக்குகளைச் சங்க அலுவலகத்தில் ஒரு கோப்பாக வைத்திருக்க வேண்டும். முன்னால் இருந்த பிரதிநிதி எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருந்துவிட்டு ஓய்வு பெற்றுப் போனால், புதியவர் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

விசாரணை அறையில் பிரதிநிதி என்ன செய்யலாம்?

இங்கேதான் சட்டம் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுகிறது. அமெரிக்காவில் 1975-இல் வைங்கார்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒழுங்கு நடவடிக்கைக்கு இட்டுச் செல்லக்கூடும் என்று நியாயமாக நினைக்கத்தக்க விசாரணையில் சங்கப் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று சொன்னது. ஆனால் தொழிலாளி வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நிர்வாகம் தானாகக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உறவுகள் சட்டத்தின்படி உடன் வருபவர் தொழிலாளியின் தரப்பை எடுத்துச் சொல்லலாம், தொகுத்துப் பேசலாம், நடுவில் அவரோடு கலந்தாலோசிக்கலாம். தொழிலாளியிடம் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதிலாக இவர் பதில் சொல்லும் உரிமை கிடையாது.

எந்த நாடாக இருந்தாலும் உள்ளே போகும் முன் பத்து நிமிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, பொய் வேண்டவே வேண்டாம். இதை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் குரல் நடுங்கினால் தண்ணீர் கேளுங்கள், இடைவேளை கேளுங்கள். இடைவேளை கேட்பது தோல்வி இல்லை. ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வியைக் கோத்துக் கேட்டால், "எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள். நீங்கள் கோபப்பட்டால் அங்கே எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், பிரச்சினை பின்னால் போய்விடும்.

இதை வகுப்பில் நடித்துப் பார்க்கும்போது, பிரதிநிதியை நிர்வாகத்தின் நாற்காலியிலும் ஒரு தடவை உட்கார வையுங்கள். எந்த வாதம் எதிராளியை யோசிக்க வைக்கிறது, எந்த வாதம் எரிச்சலை மட்டும் தருகிறது என்பது அங்கிருந்து பார்த்தால் தெரியும்.

தப்பு செய்தது நிச்சயம் என்றால்கூடத் துணை நிற்க வேண்டுமா?

நிற்க வேண்டும். செய்த தப்பை இல்லை என்று சாதிப்பது உங்கள் வேலை ஆகாது. நடைமுறை ஒழுங்காகப் போகிறதா, தண்டனை அளவோடு இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. பன்னிரண்டு வருடம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வேலை செய்தவர் ஒரு நாள் தவறினால், அந்தப் பன்னிரண்டு வருடத்தையும் மேசைமேல் எடுத்து வைக்க அங்கே ஒருவர் வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 158-ஆம் எண் உடன்படிக்கையும் இதன் அடிப்படையைச் சொல்கிறது. நடத்தையையோ வேலைத்திறனையோ காரணம் காட்டி நீக்கும் முன், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லத் தொழிலாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

எனக்குப் பிடிக்காதவர், சங்கத் தேர்தலில் எதிரணியில் நின்றவர் வந்தால்?

மற்றவர்களுக்குச் செய்வதைவிட ஒரு மடங்கு கவனமாகச் செய்யுங்கள். இதில் சங்கங்கள் தவறிய வரலாறு உண்டு. அமெரிக்காவில் ரயில் எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேன்களின் சங்கம் ஒன்று கறுப்பினத் தொழிலாளர்களை உறுப்பினராகவே சேர்க்காமல், அவர்களுக்கும் சேர்த்துத் தானே நிர்வாகத்தோடு பேரம் பேசி, அவர்களை அந்த வேலையிலிருந்தே ஓரங்கட்டும் ஒப்பந்தத்தைப் போட்டது. 1944-இல் ஸ்டீல் என்ற தொழிலாளி தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எல்லோர் பெயரிலும் பேசும் அதிகாரம் கொண்ட சங்கம் எல்லோரையும் பாகுபாடின்றிப் பிரதிநிதித்துவம் செய்தே தீர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்த வழக்கை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். நம் கையில் இருக்கும் அதிகாரம் நம் ஆட்களையே நசுக்கக்கூடும் என்பது புதிய பிரதிநிதிக்கு முதல் நாளே தெரிய வேண்டும்.

புகார் கொடுப்பவரும் உறுப்பினர், புகாருக்கு ஆளானவரும் உறுப்பினர். என்ன செய்வது?

ஒரே பிரதிநிதி இரண்டு பேருக்கும் நிற்கக் கூடாது. உடனே சங்கத்தில் சொல்லி, ஆளுக்கொரு பிரதிநிதியை ஏற்பாடு செய்யுங்கள். பாலியல் துன்புறுத்தல் புகார் என்றால், "உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. புகார் கொடுத்தவரை மறுபடி மறுபடி அதே கதையைச் சொல்ல வைக்காதீர்கள். பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றி 2019-இல் 190-ஆம் எண் சர்வதேச உடன்படிக்கை வந்தது. பயிற்சி பெறுபவர், தற்காலிகப் பணியாளர், வேலை தேடி வந்தவர் வரை அது பாதுகாப்பு தருகிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர்வைசர் சொன்ன வேலை விதிக்கு விரோதமானது. மறுக்கலாமா?

பொதுவான அறிவுரை, முதலில் செய்துவிட்டு எழுத்து மூலம் முறையிடுங்கள் என்பதுதான். மறுத்தால் கீழ்ப்படியாமை என்ற புதுக் குற்றச்சாட்டு வந்து, பழைய நியாயம் அடிபட்டுப் போகும். உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் ஆபத்து என்றால் கதை வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் எண் உடன்படிக்கை, தகுந்த காரணத்தோடு அப்படிப்பட்ட இடத்தை விட்டு விலகிய தொழிலாளியைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. விலகியதும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

என்னிடம் வந்து அழுகிறார்கள். நான் என்ன மனநல ஆலோசகரா?

இல்லை. ஆகவும் முயலாதீர்கள். ஆனால் அழுபவரை உட்கார வைத்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை கேட்கலாம். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்ற பட்டியல் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். மருத்துவர், ஆலோசனை மையம், சட்ட உதவி. உயிரை மாய்த்துக்கொள்வேன் என்ற சாயலில் ஒரு சொல் வந்தாலும் நேரடியாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், தகுந்தவரிடம் உடனே சேருங்கள். அந்த ஒரு இடத்தில், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி பதினோரு மணிக்கு வரும் எல்லா அழைப்பையும் எடுக்கிற பிரதிநிதி இரண்டு வருடம்கூடத் தாங்க மாட்டார். எந்த நேரத்தில் கூப்பிடலாம், எது அவசரம் என்று ஆட்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வழக்கு விவரங்களைப் போடலாமா?

கூடாது. கூட்டத் தேதி, பொது அறிவிப்பு, அவ்வளவுதான். குற்றச்சாட்டு அறிவிப்பைப் படமெடுத்துக் குழுவில் போட்ட அடுத்த நிமிடம் அது மேலாளர் கையில் இருக்கும்.

பயிற்சிக்குப் போகச் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்குமா? பிரதிநிதியானதற்காக வேலைக்கு ஆபத்து வராதா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1971-ஆம் ஆண்டு 135-ஆம் எண் உடன்படிக்கை இதற்காகவே வந்தது. சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் உட்பட்டு நடந்துகொள்ளும் பிரதிநிதியை, அவர் பிரதிநிதி என்பதற்காகவோ சங்கப் பணிக்காகவோ வேலை நீக்கம் உட்பட எந்த வகையிலும் பாதிக்கக் கூடாது. பணியை விரைவாகவும் ஒழுங்காகவும் செய்யத் தேவையான வசதிகளையும் அவருக்குத் தர வேண்டும். அதே வருடம் வந்த 143-ஆம் எண் பரிந்துரை அந்த வசதிகளை விவரிக்கிறது. சங்கக் கூட்டங்களுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் போக நேரம், சம்பள இழப்பின்றி. அறிவிப்புப் பலகை. நிர்வாகத்தைத் தாமதமின்றிச் சந்திக்க வழி. 1974-ஆம் ஆண்டு 140-ஆம் எண் உடன்படிக்கை, சம்பளத்தோடு கூடிய கல்வி விடுப்பு என்பதில் தொழிற்சங்கக் கல்வியையும் சேர்த்தே சொல்கிறது.

உடன்படிக்கையை உங்கள் நாடு ஏற்றிருந்தால்தான் அது கட்டுப்படுத்தும். ஏற்காத இடத்தில் இதே வாசகங்களை எடுத்து உங்கள் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வுக்குக் கீழே, பிரதிநிதிகளின் பயிற்சி நாட்கள் என்று ஒரு வரி இருக்கட்டும். பேரத்தில் முதலில் விட்டுக்கொடுக்கும் வரியாக அது ஆகிவிடக் கூடாது.

எத்தனை நாள் பயிற்சி போதும்?

தொடக்கத்துக்கு இரண்டு, மூன்று நாள். அத்தோடு நிறுத்தினால் போட்ட உழைப்பு வீண். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு புதியவரையும் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்துவிட வேண்டும். முதல் விசாரணையில் புதியவர் குறிப்பு மட்டும் எடுப்பார். இரண்டாவதில் இருவரும் பேசுவார்கள். மூன்றாவதில் மூத்தவர் குறிப்பெடுப்பார். இந்த மூன்றாவது கட்டம்தான் மூத்தவர்களுக்குக் கஷ்டம், வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமே. மாதம் ஒரு முறை எல்லாப் பிரதிநிதிகளும் கூடி, தோற்ற வழக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது எந்த வகுப்பையும்விட அதிகமாகச் சொல்லிக் கொடுக்கும்.

யாரைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பது?

கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவரைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். நான் வேறு இடத்தில் தேடுவேன். இடைவேளையில் யாரைச் சுற்றி நாலு பேர் உட்காருகிறார்கள், விண்ணப்பம் எழுத யாரிடம் போகிறார்கள் என்று பாருங்கள். பெண்கள் அதிகமாக வேலை செய்யும் பிரிவுக்கு ஆண் மட்டுமே பிரதிநிதி என்றால், அங்கே சொல்லப்படாத புகார்கள் நிறைய இருக்கும். வகுப்பை மாலை ஏழு மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. வேலை நேரத்தில் வையுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும், வேறு மொழி பேசுகிறவர்களையும் அப்படித்தான். அவர்களுக்குள்ளிருந்தே ஒருவர் பிரதிநிதியாக வர வேண்டும்.

பயிற்சி முடிந்தது. முதல் வாரம் என்ன செய்வது?

பெரிதாக எதுவும் வேண்டாம். உங்கள் பிரிவின் வரைபடம் ஒன்றைக் கையால் போடுங்கள். யார் எங்கே நிற்கிறார், எந்த ஷிப்ட், உறுப்பினரா இல்லையா. பெயர் தெரியாத ஆள் கண்டிப்பாக இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களிடம் முதலில் போங்கள். சங்கத்தில் சேருங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி, எந்த இடைவேளையில் எங்கே இருப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: "எந்தக் காகிதம் கையில் கொடுத்தாலும் அன்றைக்கே என்னிடம் காட்டுங்கள், மடித்துப் பையில் வைக்காதீர்கள்."